நிழல் விழும் தோட்டத்தில் தேனீக்கு என்ன நடலாம்? – கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, எங்கள் வீட்டுப் பின்பக்கம் பெரிய மாமரம் நிற்கிறது. காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில், அப்புறம் நாள் முழுக்க நிழல். அங்கே தேனீ வருகிற மாதிரி ஏதாவது பூக்குமா?

நன்றாகவே பூக்கும் தம்பி. தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கடலோரக் காடுகளில் மர நிழலிலேயே வளர்ந்து பழகிய செடிகள் நிறைய இருக்கின்றன, அவற்றை நட்டால் போதும், வெயிலுக்கு ஏங்கும் ரோஜாவை அங்கே வைத்து அவஸ்தைப்பட வேண்டாம். முதலில் பிளெக்ட்ராந்தஸ் எக்லோனி நடுங்கள். ஆள் உயரம் வரும், இங்கே இலையுதிர்காலமான மார்ச்சிலிருந்து மே வரை ஊதாப் பூ கொத்துக் கொத்தாக நிற்கும், கோடைப் பூக்கள் ஓய்கிற நேரத்தில் வருவதால்தான் எனக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம். அதன் காலடியில் படர பிளெக்ட்ராந்தஸ் சிலியாட்டஸ். சளிக்கு வளர்க்கிறோமே கற்பூரவள்ளி, அதுவும் இதற்கு நெருங்கிய சொந்தம், இந்த மண்ணிலும் தானாக வளர்வது. கிள்ளிக்கொண்டே இருக்காமல் ஒரு தொட்டியையாவது பூக்க விடுங்கள்.

மாமரத்து வேர் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் செடிகளைச் சுற்றிப் பரப்புங்கள், முதல் வருடம் மட்டும் குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றுங்கள், ஏனென்றால் இங்கே அப்போதுதான் மழை குறைவு.

ஃபீனிக்ஸிலிருந்து: குளிர்காலத்தில் என் தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை. என்ன செய்வது?

இதுதான் முக்கியமான கேள்வி. ஒரே மாதத்தில் பூத்துக் கொட்டி மற்ற மாதங்களில் வெறுமையாகக் கிடக்கும் தோட்டத்தால் தேனீக்குப் பெரிய பலன் இல்லை. ஹைபோஎஸ்டிஸ் அரிஸ்டாட்டா மே, ஜூன் மாதங்களில் பூக்கத் தொடங்கி குளிர் முழுக்க நிற்கும். டிசம்பர் பூவின் இனமான பார்லேரியா ஒப்டூசா அதற்குக் கொஞ்சம் முன்னால். வசந்தத்தில் மக்கயா பெல்லா, அது நல்ல நிழலிலும் பூக்கும், கட்டையில் துளை போடும் பெரிய கறுப்புத் தேனீக்கள் அதைத் தேடி வரும். ஒவ்வொன்றிலும் ஒரு செடி போதாது, ஒரே இனத்தில் நாலைந்தைச் சேர்த்து நடுங்கள். தேனீ ஒரு முறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவில்தான் போய்க்கொண்டிருக்கும்.

லெனேசியாவிலிருந்து: இங்கே ஜோகன்னஸ்பர்க் பக்கம் உறைபனி விழுகிறதே அக்கா?

பிளெக்ட்ராந்தஸ் கறுத்துப்போகும். பயந்து உடனே வெட்டிவிடாதீர்கள், கருகிய கிளையே அடித்தண்டுக்குப் போர்வை. பனி முடிந்ததும், ஆகஸ்ட் கடைசியில் வெட்டினால் துளிர்க்கும். மரத்தடியிலோ சுவரோரமோ நட்டால் சேதம் குறையும். குளிருக்கு முன்னாலேயே இரண்டு குச்சியைக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரில் போட்டு வையுங்கள், வேர் பிடித்துவிடும்.

டோங்காட்டிலிருந்து: உண்ணிச்செடி வைக்கலாமா? வண்ணத்துப்பூச்சி நிறைய வருகிறது.

வேண்டாம். இந்த நாட்டில் கட்டாயமாகக் கட்டுப்படுத்த வேண்டிய அந்நியச் செடி அது. பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அசிஸ்டாசியா கங்கெட்டிகாவை விடுங்கள், பாதி நிழலில் வேகமாகப் பரவும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர்: நம் ஊர்த் தேனீ கோபக்காரத் தேனீ ஆயிற்றே, சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் பயமாக இருக்காதா?

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் பூவில் உட்கார்ந்து தேன் எடுக்கிற தேனீயைச் சீண்டாவிட்டால் அது கொட்டாது, கூட்டைக் காக்கும்போதுதான் மூர்க்கமாகும். தண்ணீர் மீட்டர் பெட்டி, கூரை இடுக்கு மாதிரி இடங்களை மாதம் ஒரு முறை பாருங்கள். கூடு கட்டியிருந்தால் மருந்து அடிக்காதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டு, தேனீ பிடித்துப் போகிறவரைக் கூப்பிடுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: மாவுப்பூச்சிக்கு வேரில் ஊற்றும் மருந்து பயன்படுத்தலாமா?

இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிற எதையும் பூக்கும் செடிக்கு ஊற்றாதீர்கள். வேர் வழியாக ஏறி மகரந்தத்திலும் பூந்தேனிலும் வந்து நிற்கும், தேனீக்குச் சாப்பாடு வைக்கிறோம் என்று விஷம் வைத்ததாகிவிடும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே மாவுப்பூச்சி போய்விடும்.