ஸ்பிளெண்டரிலிருந்து மீட்டியாருக்கு: வாசகர் கேள்வி பதில்

ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற சிறிய வண்டியிலிருந்து ராயல் என்ஃபீல்ட் மீட்டியார் போன்ற நெடும்பயண வண்டிக்கு மாறுகிற வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக ஸ்பிளெண்டர் ஓட்டுகிறேன். மீட்டியார் 350 புக் செய்திருக்கிறேன். முதல் வாரத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்? (நாமக்கல் வாசகர்)

பதில்: இடது காலில். ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் முன்பக்கம் மிதித்தால் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். மீட்டியாரில் இது அப்படியே தலைகீழ். முன்னால் மிதித்தால் கியர் இறங்கும், குதிகாலால் மிதித்தால் ஏறும். நிதானமாக ஓட்டும்போது இது குழப்பாது. குறுக்கே ஆடு வந்து, அவசரமாகக் கியர் குறைக்க வேண்டிய நேரத்தில்தான் பன்னிரண்டு வருடப் பழக்கம் தலை தூக்கும். குதிகால் இறங்கும், இரண்டாவது கியருக்கு வரவேண்டிய வண்டி நான்காவதுக்குப் போய்விடும். அல்லது மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போவதாக நினைத்து முன்னால் மிதித்துக் கிளட்சை விட்டால், இரண்டாவது விழுந்து பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலையில் இது ஆபத்து.

நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது. ஸ்பிளெண்டரில் குதிகாலால் மிதித்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது நியூட்ரல். மீட்டியாரில் முன்னால் மிதித்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது முதல் கியர். நியூட்ரல் அதற்கும் இரண்டாவதுக்கும் நடுவே, அரை அழுத்தத்தில் இருக்கிறது. சிக்னலில் நியூட்ரல் என்று நம்பிக் கிளட்சை விட்டால் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். அந்த நேரம் ஹேண்டில் திரும்பியிருந்தால் கீழே சாய்ந்துவிடும். மீட்டரில் பச்சை விளக்கையோ கியர் இலக்கத்தையோ பார்க்காமல் கிளட்சை விடாதீர்கள்.

நாங்கள் சொல்லும் வழி இது: முதல் மாதம் குதிகால் பக்கத்து லிவரைத் தொடவே வேண்டாம். ஷூ போட்டுக்கொண்டு, கியர் ஏற்றுவதற்குக் கால்விரல் நுனியால் லிவரைக் கீழிருந்து தூக்குங்கள். தூக்கினால் ஏறும், அழுத்தினால் இறங்கும். அசைவே புதிதாக இருப்பதால் பழைய பழக்கம் குறுக்கே வராது. காலி மைதானத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, ஒன்று என்று ஒரு ஐம்பது தடவை போட்டுப் பாருங்கள். வீட்டில் ஸ்பிளெண்டரும் இருந்து இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் குழப்பம் நீடிக்கும். முடிந்தால் அந்த மாதம் ஒரே வண்டியில் இருங்கள்.

அடுத்தது பிரேக். ஸ்பிளெண்டர்காரர்கள் பெரும்பாலும் வலது காலை நம்பியே நிறுத்துகிறார்கள். பிரேக் போட்டதும் பாரம் முன்சக்கரத்துக்குப் போவதால் நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் டிஸ்க் பிரேக்கில்தான் இருக்கிறது. லிவரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதலில் அதன் தளர்வை எடுத்து, முன் ஃபோர்க் அமுங்குவதை உணர்ந்து, பிறகு பிழியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவரும் பெடலும் துடிக்கும். அதைக் கோளாறு என்று நினைத்துக் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், வண்டி நிற்கும் வரை பிடித்தே இருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் பத்து தடவை, பிறகு 40, பிறகு 50 என்று பழகுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை மைதானத்தில் கோடு போட்டு நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

கேள்வி: ஓடும்போது இறகு மாதிரி இருக்கிறது. நிறுத்தி யூ டர்ன் எடுக்கும்போதுதான் கை நடுங்குகிறது. இரண்டு தடவை சாய்ந்தும் விட்டது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஸ்பிளெண்டர் 112 கிலோ, மீட்டியார் 191 கிலோ. கூடுதலான 79 கிலோ, சக்கரம் உருளும்போது தெரியாது, நின்றால்தான் தெரியும். நீங்கள் எப்படி விழுந்தீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் இந்த வகை விழுகைக்கு அனேகமாக ஒரே காரணம்தான்: ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடுவது. முன்பக்கம் அமுங்கி, பாரம் திரும்பிய பக்கமே சாயும். சிறிய வண்டியைக் காலால் தாங்கிவிடுவோம். இதைத் தாங்க முடியாது.

மெதுவாகத் திரும்பும்போது வலது கை விரல்கள் முன் பிரேக் லிவரில் இருக்கவே கூடாது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்து அசையாமல் பிடியுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஹாஃப் கிளட்சின், அதாவது பாதி மட்டும் விட்டுப் பிடித்த கிளட்சின் வேலை. வலது காலால் பின் பிரேக்கை மிக லேசாக உரசவிடுங்கள். எஞ்சின் முன்னால் இழுக்க, பிரேக் பின்னால் பிடிக்க, வண்டி கயிறு கட்டினாற்போல் நிமிர்ந்து நிற்கும். பார்வை தரையில் விழக்கூடாது. போகவேண்டிய இடத்தை, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பாருங்கள். வண்டி உள்பக்கம் சாயட்டும், உங்கள் உடம்பு சற்று வெளிப்பக்கம் இருக்கட்டும்.

தண்ணீர் பாட்டில்களை வைத்து 30 அடி அகலத்துக்குள் யூ டர்ன் எடுத்துப் பழகி, பிறகு 24 அடிக்குக் குறையுங்கள். 24 அடி என்பது ஏறக்குறைய நம் இருவழிச் சாலையின் அகலம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளட்சுக்கு ஓய்வு கொடுங்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலும் மெதுவேகத்தில் ஹேண்டில் கனக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றைப் பாருங்கள். செயின் கவரிலோ கையேட்டிலோ உள்ள அளவை வையுங்கள், பங்க்சர் கடைக்காரர் சொல்லும் பொது அளவை அல்ல.

கேள்வி: என் உயரம் 5 அடி 2 அங்குலம். சீட் உயரம் குறைவு என்பதால் சூப்பர் மீட்டியார் 650 வாங்கலாமா? (கோவை வாசகி)

பதில்: சீட் உயரம் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சூப்பர் மீட்டியாரின் சீட் 740 மில்லிமீட்டர்தான், ஆனால் எடை 241 கிலோ. மீட்டியார் 350 சீட் 765. ஸ்பிளெண்டரின் 785-ஐ விடவே தாழ்வு. சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, தாழ்வான வண்டியிலும் கால் எட்டாமல் போகும். ஷோரூமில் உங்கள் பயண ஷூவைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இரண்டு பாதத்தின் முன்பாதியாவது தரையில் அழுந்த வேண்டும். பிறகு இறங்கி நின்று, வண்டியைப் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். தள்ள முடியாத வண்டியை வாங்கினால், முன்பக்கம் சரிந்த பார்க்கிங்கில் ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டியிருக்கும். நேராக 650-க்குப் போவதைவிட 350-இல் ஒரு வருடம் ஓட்டுங்கள் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: பெரிய வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: வேண்டாம். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் போதும், சிசி வரம்பு இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர் லைசென்ஸ் மட்டும் இருந்தால் அது செல்லாது.

கேள்வி: மனைவியோடு, லக்கேஜோடு கொல்லிமலை போகிறேன். என்ன தயார் செய்ய வேண்டும்? (சேலம் வாசகர்)

பதில்: பின் ஷாக் அப்சார்பரில் தொடங்குங்கள். அதன் ஸ்பிரிங் விறைப்பைக் கூட்டக் குறைக்க மீட்டியாரில் ஆறு படி இருக்கிறது. இருவர் போகும்போது படியை ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஏற்றாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முன்சக்கரம் லேசாகி வளைவில் வெளியே ஓடும். இருவரும் உட்கார்ந்த நிலையில் செயின் தளர்வை ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாரம் ஏறும்போது செயின் இறுகும். விறைத்துப் போயிருந்தால் பேரிங்கும் ஸ்ப்ராக்கெட்டும் கெடும். கனமான சாமான் பக்கப் பைகளில், தாழ்வாக, இருபுறமும் சமமாக இருக்கட்டும். பின் பெட்டியில் ரெயின்கோட் போன்ற லேசானவை மட்டும். பை சைலன்சரில் படாமலும், கயிற்றின் நுனி சக்கரப் பக்கம் தொங்காமலும் பாருங்கள். மனைவி ஒருபக்கமாக உட்காராமல் இருபுறமும் கால் போட்டு உட்காரட்டும். ஒருபக்கப் பாரம் நேர்ச்சாலையில் தெரியாது, கொண்டை ஊசியில் வண்டியை இடதுபுறம் இழுக்கும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சிரமம் தருவது இடதுபுற வளைவு. நாம் இடதுபுறம் போவதால் அது சிறிய வட்டம், உள்விளிம்பில் ஏற்றமும் செங்குத்து. சாலையில் உங்கள் பாதியின் வெளிவிளிம்பிலிருந்து நுழைந்து, வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். நடுவில் கியர் மாற்றப் போய் எஞ்சின் அணைந்தால் வண்டி உள்பக்கம் சாயும். அங்கே தரை தாழ்ந்திருப்பதால் கால் எட்டாது. இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிடித்து இறங்கட்டும். பிரேக்கைத் தொடர்ந்து உரசவிட்டால் டிஸ்க் சூடேறிப் பிடிப்பு போய்விடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

கேள்வி: ஆரல்வாய்மொழி காற்றில் பெரிய வண்டியும் ஆடுகிறதே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஆடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணவாயில் பக்கக் காற்று பலமாக அடிக்கும். ஹேண்டிலை இறுகப் பிடித்தால் உடம்பின் ஆட்டமும் வண்டிக்குப் போகும். முழங்கால்களால் டேங்கை அணைத்து, முழங்கையைத் தளர விடுங்கள். காற்று இடமிருந்து அடித்தால் இடது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளுங்கள், வண்டி காற்றை நோக்கிச் சாய்ந்து நேராகப் போகும். லாரியைத் தாண்டும்போது காற்று சட்டென்று நின்று, தாண்டியதும் மறுபடி அறையும். இருபுறமும் இடம் விட்டே தாண்டுங்கள். காலிப் பின் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

கேள்வி: 241 கிலோ வண்டி விழுந்தால் தனியாக எப்படித் தூக்குவது? (மதுரை வாசகர்)

பதில்: விழும்போது தாங்கப் பார்க்காதீர்கள். இடுப்பும் முழங்காலும் போய்விடும், விட்டுவிட்டு விலகுங்கள். விழுந்ததும் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச், பிறகு சாவி. முடிந்தால் முதல் கியரில் போடுங்கள், தூக்கும்போது உருளாது. வலதுபுறம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஹேண்டிலை முழுவதும் திருப்பி, கீழே இருக்கும் கைப்பிடியை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பை வைத்து உட்காருங்கள். ஒரு கை அந்தக் கைப்பிடியில், மறு கை பின்பக்கச் சட்டத்தில். சைலன்சரைத் தொடாதீர்கள். முதுகை வளைக்காமல், கால் பலத்தால் மட்டும் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். நிமிரும் கட்டத்தில் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் விழும். இடதுபுறம் விழுந்திருந்தால் நிமிர்ந்தபின் ஒரு கையால் பிடித்தபடியே காலால் சைடு ஸ்டாண்டைத் தட்டி எடுக்க வேண்டும். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பும் முன் பிரேக் லிவர், கிளட்ச் லிவர், கியர் லிவர் மூன்றும் வளைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.