சாம்பாரில் பருப்பு எங்கே? – வாசகர் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே அடுப்படியைப் பற்றியவை. "பாட்டி காலத்துச் சமையல் நல்லதா, கெட்டதா?" என்று ஒரே வரியில் கேட்டு முடித்தவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குத் தனிப் பதில் இல்லை, கீழே இருப்பதைப் படித்தாலே போதும். வயது, எடை, சாப்பிடுகிற மாத்திரை, வீட்டில் எத்தனை பேர் என்று நான்கு விஷயங்களையும் எழுதி அனுப்பினால்தான் சரியாகச் சொல்ல முடியும். போன தடவையும் இதைச் சொன்னேன்.

குக்கர் சோற்றை விட்டுவிட்டு வடித்த சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார்களே? (62 வயது, திருச்சி)

ஏறும். வடிகஞ்சியோடு போகிற மாவு கொஞ்சம்தான். தட்டில் மிச்சம் இருப்பதும் சோறுதானே? வடித்த சோறு என்ற தைரியத்தில் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கஞ்சியைக் கொட்டிவிட்டால் பி வைட்டமின்களும் அதோடு போகும், அது தனி நஷ்டம். 200 மில்லி தம்ளரால் அளந்து பாருங்கள். உங்கள் வயதில் பலருக்கும் பகலுக்கு ஒன்றரைத் தம்ளர் சோறு போதும். தட்டில் பாதி இடம் காய்க்கு. மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

வீட்டில் எப்போதும் புழுங்கலரிசிதான். பொன்னி பச்சரிசிக்கு மாறலாமா? (தஞ்சாவூர்)

எதற்காக? புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் ஓரளவு நிற்கும். ஒரு காலத்தில் ஆந்திரக் கடலோரத்தில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கு, தயமின் குறைவால் வருகிற பெரிபெரி நோய் வந்தது. புழுங்கல் சாப்பிட்ட நம் பக்கத்தில் அது அபூர்வம். இந்தப் பெரிபெரியை ஆராய்வதற்காகத்தான் 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஒரே ஓர் அறையில் ஆய்வுக்கூடம் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். பொங்கலுக்கும் பலகாரத்துக்கும் பச்சரிசி, தினசரிச் சோற்றுக்குப் புழுங்கல் என்று பிரித்து வைத்தது நல்ல வழக்கம், அதை விடாதீர்கள். அரிசியை இரண்டு தண்ணீரில் கழுவினால் போதும். நாலு தண்ணீர், ஐந்து தண்ணீர் வேண்டாம்.

செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம். மாதம் 4 லிட்டர் ஆகிறது. சரிதானே?

எத்தனை பேருக்கு? அதை எழுதவில்லை. எட்டுப் பேர் என்றால் சரி. மூன்று பேர் என்றால் மிக அதிகம். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர், மிஞ்சிப்போனால் முக்கால் லிட்டர். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி வாங்குங்கள். டப்பாவின் மேல் வாங்கிய தேதியை எழுதி வைத்தால் கணக்கு தானே தெரிந்துவிடும்.

நாங்கள் சுத்த சைவம். தினமும் இரண்டு வேளை சாம்பார் இருக்கும். அரைத் தம்ளர் துவரம்பருப்பு வேகவைத்தால் நாலு பேருக்கு இரண்டு வேளைக்கும் சரியாக இருக்கும். அப்படியும் என் மனைவிக்குப் புரதம் போதவில்லை, ரத்தசோகையும் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். எப்படி? (48 வயது, ஈரோடு)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது ஐயா. அளவு எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி.

அரைத் தம்ளர் துவரம்பருப்பு 80, 85 கிராம் இருக்கும். நாலாகப் பங்கு வைத்தால் தலைக்கு 20 கிராம். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம். ஆக, இரண்டு வேளைச் சாம்பாரும் சேர்ந்து ஒருவருக்குக் கொடுப்பது 4, 5 கிராம் புரதம், ஒரு முட்டையைவிடக் குறைவு. உங்கள் மனைவிக்கு 55 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 46 கிராம் தேவை. சோறு, இட்லியிலிருந்து 20 கிராம், பால், தயிரிலிருந்து 6, 7 கிராம் வரும். எல்லாம் கூட்டினாலும் 30-ஐச் சுற்றித்தான் நிற்கிறது.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இருபத்தைந்து வருஷமாக நான் மல்லுக்கட்டுவது இதோடுதான். நம்மில் பலர் சாம்பாரையே பருப்பு என்று நினைக்கிறோம். சாம்பார் குழம்பு, அதில் பருப்பு எவ்வளவு என்பது போடுகிறவர் கையில் இருக்கிறது. பருப்பு விலை ஏறும்போதெல்லாம் குழம்பில் தண்ணீர் கூடும், புளி கூடும், தூள் கூடும். ருசி மாறாததால் யாருக்கும் தெரியாது. ஏறின விலை இறங்கினாலும் அளவு பழையபடி ஏறாது. அப்புறம் அதே பருப்புத் தண்ணீரில்தான் ரசம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம். என் அறையில் ஒரு எவர்சில்வர் தட்டும், குழிக்கரண்டியும், ஒரு சட்டித் தண்ணீரில் கலந்த மஞ்சள் மாவும் வைத்திருப்பேன். ரத்தசோகை என்று வருகிற பெண்களிடம், "வீட்டில் பரிமாறுகிற மாதிரி பரிமாறிக் காட்டுங்கள்" என்பேன். கணவருக்கு என்றால் கரண்டி சட்டியின் அடிவரை போகும். ஒரு சுற்றுச் சுற்றி, கெட்டியாக அள்ளி வரும். பிள்ளைகளுக்கும் அப்படியே. "இப்போ உங்களுக்கு" என்றால் கரண்டி மேலாகத் தொட்டு நிற்கும். ஒருவர் கரண்டியே எடுக்கவில்லை, சட்டியைச் சாய்த்துச் சோற்றின் மேல் ஊற்றினார். காய் எங்கே என்று கேட்டேன். "அதுக்குள்ள தீர்ந்துடும்மா" என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. காரணம் பல இருக்கலாம். அதிக மாதப்போக்கு, குடற்புழு, அடுத்தடுத்த பிரசவம். ஆனால் கடைசியாகச் சாப்பிடுகிற பழக்கத்தை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். பாரம்பரியச் சமையலின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பாரம்பரியத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? அரைத் தம்ளரை ஒன்றரைத் தம்ளர் ஆக்குங்கள். செலவு கூடும், தெரியும். முழுவதும் துவரையாக இருக்க வேண்டாம், பாதி பாசிப்பருப்பு கலக்கலாம். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்பது மனதில் இருக்கட்டும். அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற புரதக்கூறு அரிசியில் இருக்கிறது, அதனால் இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுசாகும். மாலையில் பஜ்ஜியை விட்டுச் சுண்டல். 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்தால் 10 கிராம் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். இட்லி மாவில் நாலுக்கு ஒன்று உளுந்து போடுகிறீர்களா, ஆறுக்கு ஒன்றா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் பருப்பைக் கூட்டக் கூடாது.

இன்று ராத்திரி உங்கள் மனைவியை முதலில் உட்கார வைத்து, நீங்கள் கரண்டியை அடிவரை விட்டுப் பரிமாறுங்கள்.

முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள் சாப்பிட்டும் எனக்கு ஹீமோகுளோபின் 9-க்கு மேல் போகவில்லை. (34 வயது, விருதுநகர்)

9 என்றால் கீரையை நம்பி உட்காரக் கூடாது. டாக்டர் கொடுக்கிற இரும்பு மாத்திரை வேண்டும், ஏன் குறைந்தது என்ற பரிசோதனையும் வேண்டும். கீரை அதற்குத் துணை. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கிறீர்களா? அதிலுள்ள டானின் இரும்பைச் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பது நல்ல பழக்கம், புளிப்புக்குக் கொஞ்சம் இரும்பு இறங்கும். ஆனால் கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். முருங்கைப்பொடி விளம்பரத்தில் வருகிற "பல மடங்கு இரும்பு" எல்லாம் காய்ந்த பொடியைப் பச்சைக்கீரையோடு ஒப்பிட்ட கணக்கு. ஒரு தேக்கரண்டிப் பொடியில் அது வராது.

ரத்த அழுத்தம் இருக்கிறது. சாதா உப்பை நிறுத்தி இந்துப்பு போடுகிறேன். அதனால் ஊறுகாய் சாப்பிடலாமா?

இந்த "அதனால்" எங்கிருந்து வந்தது? இந்துப்பும் உப்புதான், சோடியம் குளோரைடுதான். போதாக்குறைக்குப் பெரும்பாலும் அயோடின் இருக்காது. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?

தயிர்சாதத்துக்கு உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், கூடவே மோர்மிளகாய், பொரித்த அப்பளம். நாலிலும் உப்பு. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். நாக்குக்கு உப்பாகத் தெரியாததால் கணக்கில் விட்டுப்போகிறது. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதையும் வாரத்தில் இரண்டு நாள். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ராகிக்கஞ்சி சர்க்கரைக்கு நல்லதா?

ராகி நல்லது. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு கிடையாது. ஆனால் மாவாக்கி, நீர்க்கக் காய்ச்சி, மடமடவென்று குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். முருங்கைக்கீரை போட்ட ராகி அடை ஒன்று, கூடவே கெட்டிச் சட்னி. அப்படிச் சாப்பிடுங்கள்.

நெய் தினமும் சேர்க்கலாமா?

ஒரு டீஸ்பூன், ஒரு வேளை. எண்ணெய்க் கணக்கில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஈயச்சொம்பு ரசம் ஆபத்து என்று மகள் தூக்கிப் போடச் சொல்கிறாள். 40 வருஷச் சொம்பு. (கும்பகோணம்)

அம்மா, உங்கள் மகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஈயச்சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயம். அதனால் தீங்கு இல்லை. காரீயம்தான் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ரசத்தின் புளிப்பில் அது கரைந்து வரும். ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். அதுவரை எவர்சில்வரில் ரசம் வையுங்கள், வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் கட்டாயமாக. ஈயம் பூசாத பித்தளையில் புளியும் தயிரும் வைக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பலகாரம் சுட்ட எண்ணெய் ஒரு லிட்டர் மிச்சம். கொட்ட மனசு வரவில்லை.

மறுபடி அதில் பொரிக்காதீர்கள். வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிக்க, பொரியலுக்கு என்று தீர்த்துவிடுங்கள். கறுத்து, நுரைத்து, காறல் வாடை வந்துவிட்டால் அதற்கும் வேண்டாம். அடுத்த தடவை சின்ன வாணலியில், கொஞ்சமாக ஊற்றிச் சுடுங்கள். நேரம் கூட ஆகும், எண்ணெய் மிஞ்சாது.

பழைய சோறு அமிர்தம் என்கிறார்கள். பெங்களூரில் தனியாக இருக்கிறேன். ராத்திரி வாங்கிய ஓட்டல் சோறு மிச்சம் இருந்தால் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுகிறேன். சில நாள் வயிறு கெடுகிறது. (26 வயது)

தம்பி, பழைய சோறு வேறு, மிஞ்சிய சோறு வேறு. நம் வீடுகளில் புழுங்கலரிசிச் சோற்றைச் சூடு தணிந்ததும், நேரம் கடத்தாமல், சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மண்சட்டியில் மூடி வைப்பார்கள். ராத்திரி முழுவதும் புளித்து, லேசான புளிப்பு வாசத்தோடு இருக்கும். அந்தப் புளிப்புதான் பாதுகாப்பு, வயிற்றுக்கு நல்ல நுண்ணுயிர்களும் அதிலேதான். ஓட்டல் சோறு எப்போது வடித்தது, எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சோற்றில் தங்குகிற ஒருவகைக் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பாகவே கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. உங்கள் வயிறு கெடுவது அதனால் இருக்கலாம்.

ஒரு கைப்பிடி அரிசியை நீங்களே வடித்து, ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள், மதியத்துக்கு மிச்சம் வைக்காதீர்கள். கொழகொழப்போ துர்வாடையோ இருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். மோர்மிளகாய் ஒன்று போதும், உப்பைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கூடவே இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இல்லாமல் ஆபீஸுக்குக் கிளம்பாதீர்கள். அப்புறம், அடுத்த கடிதத்தில் உங்கள் எடையையும் எழுதுங்கள்.