அறுப்பும் மயக்கமூட்டலும் - கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹலால், யூத முறைகளில் இறைச்சிக்காக விலங்கை மயக்கமூட்டாமல் அறுப்பது கொடுமை என்கிறது ஒரு தரப்பு. கூரிய கத்தியால் அறுத்தால் விலங்கு நொடியில் நினைவிழந்துவிடும், மயக்கமூட்டினால் கத்தி படும் முன்பே செத்துவிடும் என்கிறது மறு தரப்பு. எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஆட்டையும் மாட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்த விவாதத்தில் இரு தரப்புமே அதைச் செய்வதில்லை. செம்மறியாட்டின் மூளைக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கக் கரோட்டிட் தமனிகள் வழியாகத்தான் போகிறது. இரண்டும் முழுதாக அறுபட்டால் பெரும்பாலான ஆடுகள் ஏறத்தாழ 20 நொடிக்குள் நினைவிழக்கின்றன. மாட்டுக்குக் கழுத்தெலும்பை ஒட்டி ஓடும் தமனிகளும் மூளைக்கு ரத்தம் தருகின்றன. கத்தி அவற்றைத் தொடுவதில்லை. போதாததற்கு, அறுபட்ட கரோட்டிட்டின் முனை உள்ளே சுருங்கி ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது மாடு ஒரு நிமிடத்துக்கு மேலும் நினைவோடு இருக்கக்கூடும், எழவும் முயலும்.

கூரிய கத்தி வலிக்காது என்பதும் நிற்காது. நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் லேசான மயக்கத்தில் இருந்த கன்றுகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். 2009இல் வெளியான முடிவுகளின்படி, அறுத்ததும் அலைகளில் வலிக்குரிய மாற்றம் தெரிந்தது. ஆனாலும் கத்தி முக்கியம். குட்டையான, மழுங்கிய கத்தி என்றால் ஒரே காயத்தில் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டிவரும். யூதர்களின் அறுப்பு முறையான ஷெக்கிதாவில் கத்தியின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்து, சிறு பிசிறு இருந்தாலும் ஒதுக்குகிறார்கள். அறுக்கும்போது நிறுத்தவோ அழுத்தவோ கூடாது. இஸ்லாமிய மரபு விலங்கின் கண்முன் கத்தி தீட்டுவதைத் தடுக்கிறது. விலங்கின் மேலுள்ள அக்கறையில் பிறந்த இந்த விதிகளை நான் மதிக்கிறேன்.

மயக்கமூட்டினால் சாகுமா? அது முறையைப் பொறுத்தது. தலைக்கு மட்டும் மின்சாரம் பாய்ச்சினால் இதயம் நிற்பதில்லை. அறுக்காமல் விட்டால் ஆடு சற்று நேரத்தில் எழுந்துவிடும். அறுக்கும்போது விலங்கு உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஹலால் நிபந்தனைக்கு இது பொருந்துகிறது. நியூசிலாந்தின் ஹலால் ஏற்றுமதி இப்படித்தான் நடக்கிறது. தலையோடு முதுகிலும் மின்முனை வைத்தால் இதயம் நின்றுவிடலாம். அங்கே மார்க்க அறிஞர்களின் ஆட்சேபம் நியாயமானது. கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்கும் முறையிலும் அப்படித்தான்: மின்சாரம் பறவைக்குப் பறவை வேறுபடுகிறது, சில செத்துவிடுகின்றன, சில மயங்குவதே இல்லை.

தலைக்கு மட்டும் மின்சாரம் பாய்ச்சும் முறையில், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி செம்மறிக்குக் குறைந்தது 1 ஆம்பியர் தேவை. மின்முனைகள் மூளையின் இரு பக்கமும், கண்ணுக்கும் காதுக்கும் இடையே படிய வேண்டும். கழுத்துக்கு நழுவினாலோ, உலர்ந்த அடர்ந்த ரோமத்தின் மேல் வைத்தாலோ மூளைக்குப் போதிய மின்சாரம் சேராது. ரோமத்தை நனைக்க வேண்டும் அல்லது கத்தரிக்க வேண்டும். சரியாக மயங்கிய ஆடு விறைக்கும், மூச்சு நிற்கும். அடுத்த 15 நொடிக்குள் அறுக்க வேண்டும். சீரான மூச்சு திரும்பினால் தாமதிக்காமல் மறுபடி மயக்கமூட்ட வேண்டும். கால் உதைப்பதை மட்டும் பார்த்து நினைவிருப்பதாக முடிவு செய்யாதீர்கள், மயக்கத்திலும் உதைக்கும்.

மயக்கமூட்டினால் ரத்தம் முழுதாக வடியாது என்றும் சொல்வார்கள். செம்மறியிலும் மாட்டிலும் அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

பல இடங்களில் பெரிய துன்பம் கத்திக்கு முன்பே நடந்துவிடுகிறது. நினைவோடு ஒற்றைக் காலில் தொங்கவிடுவதை எந்த மதமும் கேட்கவில்லை. வழுக்காத தரை, நின்றபடியே பிடிக்கும் கூண்டு, தலையைப் பிடித்த 10 நொடிக்குள் அறுப்பு: இவற்றுக்கு ஃபத்வா எதுவும் தேவையில்லை.

மீளக்கூடிய மயக்கத்தை நாடுகள் கட்டாயமாக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆட்டுக்கு அதையே நானும் ஆதரிக்கிறேன். மாட்டுக்கு முன்மயக்கம் ஏற்கப்படாத இடத்தில், அறுத்த மறுகணமே போல்ட் துப்பாக்கியால் (குண்டுக்குப் பதில் ஓர் இரும்புத் தண்டு பாய்ந்து மயக்கும் கருவி) நெற்றியில் சுட வேண்டும்; இதை ஏற்கும் மார்க்க அமைப்புகள் உள்ளன. அதையும் மறுத்தால், மூச்சும் கண்ணிமைப்பும் நின்றது உறுதியாகும்வரை மாட்டைக் கூண்டிலிருந்து இறக்கவோ, தொங்கவிடவோ, காயத்தைத் தொடவோ கூடாது. பிரிட்டனில் இப்படிக் காத்திருக்க மாட்டுக்குக் குறைந்தது 30 நொடி என்று விதி இருக்கிறது. மேலே சொன்ன காரணங்களால் அது போதாது என்பதே என் கருத்து.