பௌர்ணமி மாலையில் மலை ஏறினால் நட்சத்திரம் தெரியுமா?

வாசகி ஒருவரின் கேள்வி: "வழிகாட்டியோடு போகும் மாலை மலைநடை ஒன்றுக்குப் பதிவு செய்ய நினைக்கிறோம். நான்கு மணிக்குக் கிளம்பி, மேலே சூரிய அஸ்தமனம் பார்த்து, அப்புறம் நட்சத்திரங்களும் பார்த்துவிட்டு இறங்குவார்களாம். எங்களுக்குத் தோதான சனிக்கிழமை பௌர்ணமி. ஒன்பது வயது மகளும், முழங்கால் வலி உள்ள என் அம்மாவும் வருகிறார்கள். போகலாமா? பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?"

போகலாம். ஆனால் நட்சத்திரம்தான் முக்கியம் என்றால் அந்தச் சனிக்கிழமை வேண்டாம்.

பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும் நேரத்திலேயே நிலா கிழக்கே எழுந்துவிடும். அப்புறம் இரவு முழுக்க வானம் வெளுத்துத்தான் இருக்கும். பால்வீதி தெரியாது, கோள்களும் பிரகாசமான சில நட்சத்திரங்களும்தான் மிஞ்சும். அதற்காக அமாவாசையன்றுதான் போக வேண்டும் என்றில்லை. பௌர்ணமிக்குப் பிறகு நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். தேய்பிறை பஞ்சமி வாக்கில் அது எழும்போது மணி பத்தை நெருங்கியிருக்கும், நீங்கள் கீழே வந்திருப்பீர்கள். அங்கிருந்து அமாவாசை தாண்டி மூன்றாம் பிறை வரை ஏறக்குறைய 12 நாட்கள் கையில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் மூன்றாம் பிறை நாளைச் சொல்வேன். அந்தி வானத்தில் கீற்றாக நிற்கும். அதன் மீதி வட்டமும் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. பார்த்து முடிப்பதற்குள் நிலா தானே இறங்கி வானத்தை இருட்டுக்கு விட்டுவிடும்.

அடுத்து, நடத்துபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "அஸ்தமனத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் மேலே இருப்போம்?" என்பது. அரை மணி நேரம் என்றால் அது அஸ்தமன நடை, நட்சத்திர நடை அல்ல. சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே போனால்தான் வானம் முழுதாக இருட்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப் போக இன்னும் நீளும். 50 பாகை அட்சரேகைக்கு அப்பால் நடுக்கோடையில் முழு இருட்டே வராது. இதைச் சொல்லாமல் 'நட்சத்திரம் காணும் பயணம்' என்று விற்பவர்கள் உண்டு.

அந்த ஒன்றேகால் மணி நேரம் சும்மா காத்திருப்பது அல்ல. சூரியன் மறைந்ததும் எல்லோரும் மேற்கையே படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மகளைக் கிழக்கே திருப்பி நிறுத்துங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதன் மேல் ரோஜா நிறத்தில் இன்னொன்று. கீழே இருப்பது நாம் நிற்கும் பூமியின் நிழல். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது மேலே ஏறி ஏறி இரவோடு கலந்துவிடும். உயரமான இடத்திலிருந்து, வானம் தெளிவாக இருந்தால், இது அழகாகத் தெரியும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கெடுவதற்கு ஒரு நொடி போதும். ஒரு முறை நான் அழைத்துப் போன குழுவில் அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தோம், பால்வீதி அப்போதுதான் துலங்க ஆரம்பித்திருந்தது. பின்னாலிருந்த ஒருவர் மணி பார்க்க ஃபோனைத் திறந்தார். சுற்றியிருந்த எல்லோருக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஃபோனைப் பையின் அடியில் போட்டுவிடுங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு விளக்கு. இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. மகளுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுங்கள்: மங்கலான பொருளை நேராக முறைக்காமல், அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் அப்படித்தான் கண்ணில் படும், சிறு பஞ்சுத் துணுக்கு மாதிரி. வடகோளத்தில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை முன்னிரவில் உயரத்தில் இருக்கும். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

குளிரைக் குறைத்து எடை போடாதீர்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. ஆனால் ஆளை நடுக்குவது அது மட்டுமில்லை. ஏறும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும், அப்புறம் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்காருவீர்கள். போதாததற்கு, நட்சத்திரம் நன்றாகத் தெரியும் மேகமில்லாத இரவில்தான் தரை வேகமாகக் குளிரும். உலர்ந்த சட்டை ஒன்று, குல்லாய், உட்காரத் தடிமனான விரிப்பு. மேலே போனவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே சட்டையை மாற்றிவிடுங்கள்.

சரி, இறங்குவது. விளம்பரப் படங்களில் இது இருக்காது, எனக்கோ கவலையெல்லாம் இதில்தான். களைத்த கால், விறைத்த மூட்டு, இருட்டு மூன்றும் சேரும் நேரம். ஆளுக்கு ஒரு விளக்கு வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. நெற்றி விளக்கு கையை விட்டுவைக்கும் என்பது நல்லதுதான். ஆனால் வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், பாதை தட்டையாகத் தெரியும். கரடுமுரடான இடத்தில் அதைக் கழற்றி இடுப்பளவில் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கல்லும் பள்ளமும் எழுந்து நிற்கும். சிவப்பு விளக்கோடு மட்டும் இறங்காதீர்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும்; மாற்று பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்போடு வைத்திருங்கள்.

வழிகாட்டியிடம் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். வரிசையில் கடைசியாக நடப்பது யார்? ஒரே வழிகாட்டி முன்னால் போய், பின்னால் யாருமில்லை என்றால் எனக்குச் சரிப்படாது. ஏறிய வழியிலேயே இறங்குகிறோமா? பகலில் பார்த்த பாதைதான் இருட்டில் நல்லது. இரவில் அங்கே இருக்க அனுமதி வாங்கியிருக்கிறார்களா? இடி கேட்டால் என்ன செய்வார்கள்? மேகம் மூடினால் நாள் மாற்றுவார்களா, பணம் திரும்புமா? "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அம்மா விஷயம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. இரண்டு ஊன்றுகோல்கள் உதவும், ஆனால் இருட்டில் ஒரு மணி நேரம் கல்பாதையில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வண்டி மேல்வரை போகும் இடமா என்று விசாரியுங்கள். மாலையில் எல்லோரும் மெல்ல ஏறி, இரவில் அம்மா வண்டியில் இறங்கட்டும். அது முடியாதென்றால், உங்கள் பௌர்ணமிச் சனிக்கிழமையையே அம்மாவுக்காக வைத்துக்கொள்ளலாம். சமதளமான, கிழக்குப் பார்த்த மேடு போதும். நிலா எழுவதைப் பார்க்க மலை உச்சி வேண்டாம். பால்வீதிக்கு மகளை இரண்டு வாரம் கழித்துக் கூட்டிப் போங்கள்.