தர்க்கம், அறிவுப் பிரதிநிதித்துவம் என்று ஆராய்ச்சி செய்து பிழைக்க முடியுமா?

கேட்டவர் கோலாலம்பூரில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவர். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளே எல்லாவற்றையும் செய்யும் காலத்தில், உலகத்தைப் பற்றிய அறிவைக் கம்ப்யூட்டர் தர்க்கம் செய்யத்தக்க வாக்கியங்களாக எழுதும் இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் போவது முட்டாள்தனமா என்பது அவருடைய சந்தேகம்.

பிழைக்கலாம் தம்பி. பினாங்கில் பல வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஆனால் எனக்குச் சம்பளம் வருவது டேட்டாபேஸ் பாடம் நடத்துவதற்கு. தர்க்கம் அந்தச் சம்பளத்தில் வளரும் பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

என் தாய்மாமா பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். 2002இல் நான் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது, "அங்க போயி என்னத்தப் படிக்கப் போற?" என்றார். "கம்ப்யூட்டருக்கு உறவுமுறை சொல்லிக் கொடுக்கப் போறேன் மாமா" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் நான்கு வருடமும் கிட்டத்தட்ட அதுவே நடந்தது.

நான் எடுத்தது டிஸ்கிரிப்ஷன் லாஜிக். உலகத்தைப் பற்றிச் சில வாக்கியங்களை எழுதிக் கொடுப்போம். அவை தமக்குள் முரண்படாமல் இருக்க முடியுமா, அவற்றிலிருந்து வேறு என்ன வந்தே தீரும் என்று நிரல் சொல்ல வேண்டும். "மனிதர் ஒவ்வொருவருக்கும் மனிதரான தாய் ஒருத்தி உண்டு" என்று ஒரே ஒரு வாக்கியம் கொடுத்துப் பாருங்கள். நிரல் ஓர் ஆளை உருவாக்கும். அவருக்குத் தாய் வேண்டுமே என்று ஒருத்தியை உருவாக்கும். அவளுக்கும் ஒரு தாய். பாட்டி, பூட்டி, ஓட்டி என்று போய்த் தமிழ் அங்கே மூச்சு வாங்குகிறது. கம்ப்யூட்டர் மெமரி தீரும்வரை போய்க்கொண்டே இருக்கும்.

புதிதாக வந்தவள் மேலுள்ள நிபந்தனைகள் முன்பே வந்த ஒருத்தியின் நிபந்தனைகளுக்குள் அடங்கிவிட்டால் அங்கேயே நிறுத்து என்பதுதான் வைத்தியம். சரி, இதுவரை எளிது. உறவைத் தலைகீழாகத் திருப்பி, "தாய்" என்பதோடு "பிள்ளை" என்றும் பேச விட்டால்தான் வினை. சங்கிலியின் நுனியில் இருப்பவள் திரும்பிப் பார்த்துத் தன் பிள்ளைக்குப் புது நிபந்தனை போடுவாள். அடங்கினால் மட்டும் போதாது, இருவரின் நிபந்தனைகளும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். முன்பு நிறுத்திய இடத்தைப் பிறகு அவிழ்க்கவும் வேண்டியிருக்கும். இதெல்லாம் 1990களின் கடைசியிலேயே தெரிந்த சங்கதி, நானும் படித்திருந்தேன். இருந்தும் என் சொந்த விரிவாக்கத்தில் அதே குழியில் விழுந்தேன். எட்டு மாதம் ஒரு பொய் நிரூபணத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன். மேற்பார்வையாளர் நான்கே வரியில் ஓர் எதிர்க்காட்டு எழுதிக் காட்டினார். அன்று இரவு சாப்பிடவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, கொஞ்சமாகப் பேசினால் ஆகாதா என்று கேட்கலாம். இந்தத் துறையே அந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது. ஒரு சிறிய மொழியில் "இது அதன் வகையா?" என்ற கேள்விக்குச் சட்டென்று விடை காணலாம். அதே மொழியில் பார்க்க அப்பாவியான ஒரே ஒரு கட்டுமானத்தைச் சேர்த்தால் விரைவான வழி கிடைக்கும் என்ற நம்பிக்கையே போய்விடுகிறது. 1984இல் ரொனால்ட் பிராக்மனும் ஹெக்டர் லெவெக்கும் இதைக் காட்டினார்கள். எவ்வளவு சொல்லலாம், அதற்கு என்ன விலை என்ற பேரம் அன்றிலிருந்து நடக்கிறது. ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொற்றொகுதியில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகள். அதைக் கம்ப்யூட்டர் சமாளிப்பதற்குக் காரணம், "அல்லது" என்பதுகூட இல்லாத சிக்கனமான தர்க்கம் அதன் அடியில் இருப்பதுதான். அந்தக் கஞ்சத்தனத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாழையிலைச் சோற்றுக் கடையில் உட்கார்ந்ததும் பரிமாறும் அண்ணன் "கோழியா, மீனா?" என்பார். "புரட்டாசிண்ணே" என்றால் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பள்ளியில் படிக்கும் தர்க்கத்துக்கு இது வராது. அதில் ஒரு முடிவுக்கு வந்தால் வந்ததுதான், புதுத் தகவல் எது வந்தாலும் பின்வாங்க முடியாது. "வேறுவிதமாகத் தெரியாதவரை இப்படி வைத்துக்கொள்" என்பதற்கு ரேமண்ட் ரைட்டர் 1980இல் ஒழுங்கான கணிதம் கொடுத்தார். இன்றும் மாணவர்களுக்கு அந்தக் கட்டுரையைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு மருத்துவமனைக்காக நோயாளிப் பதிவுகளை ஒழுங்கு செய்யும் வேலை வந்தது. ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தால் "ஒவ்வாமை இல்லை" என்று அவர்கள் மென்பொருள் எடுத்துக்கொண்டது. ரயில் அட்டவணையில் அது சரி. பட்டியலில் மூன்று மணி வண்டி இல்லையென்றால் வண்டியே இல்லை. நோயாளி விஷயத்தில் காலிக் கட்டத்துக்கு அர்த்தம், யாரும் கேட்கவில்லை என்பது. இதைப் புரியவைக்க எனக்கு மூன்று கூட்டம் ஆனது, கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மொழி மாதிரிகளுக்கு வருவோம். இந்தத் துறையில் ஒரு பகுதியை அவை விழுங்கிவிட்டன என்றே நினைக்கிறேன். டக் லெனாட் 1984இல் சைக் திட்டத்தைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் செய்ததுபோல, பொது அறிவை ஆள் வைத்துக் கையால் எழுதிக் குவிக்கும் வேலைக்கு இனி உங்களை அனுப்பமாட்டேன். ஆனால் "அநேகமாக இப்படித்தான்" என்பதும் "இது வந்தே தீரும்" என்பதும் வேறு வேறு, இரண்டாவது வேண்டிய இடம் குறையவில்லை. பெயர்தான் மாறுகிறது. நான் மாணவனாக இருந்தபோது செமாண்டிக் வெப், 2012க்குப் பிறகு நாலெட்ஜ் கிராஃப், இப்போது நியூரோ சிம்பாலிக். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் தலைப்பை மாற்றிக்கொண்டே இருக்கப் பழகுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் செலவழியுங்கள். புரோட்டெஜே என்ற மென்பொருள் இலவசம்தான். அதில் உங்கள் குடும்பத்தை, இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதுவதற்கென்றே உள்ள ஆவுல் மொழியில் எழுதுங்கள். அம்மாவின் சகோதரர் மாமா என்பது வந்துவிடும். பிறந்த ஆண்டுகளை மட்டும் கொடுத்து, யார் பெரியப்பா, யார் சித்தப்பா என்று அதையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், முட்டி நிற்கும். ஏன் என்று தோண்ட ஆசை வந்தால் எனக்கு எழுதுங்கள்.

மாமாவே முதலில் வரவில்லை என்பது தனிக் கதை. 2004இல் வந்த ஆவுலில் அந்த உறவைச் சொல்ல வழி இல்லை, 2009இல் இரண்டாம் பதிப்பில்தான் உறவுகளைச் சங்கிலியாகக் கோக்க முடிந்தது. அந்த வருடம் தீபாவளிக்குப் போனபோது, "இப்பதான் உங்களையும் சேத்திருக்காங்க மாமா" என்றேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அப்ப இத்தன வருஷமா ஒங்கம்மாவுக்குச் சீர் செஞ்சவன் எவன்டா?" என்றார்.