பர்மா போனதாகச் சொல்லும் தாத்தாவின் படைப் பதிவு: எங்கே தொடங்கலாம்?

தக்கலைக்காரரான உங்கள் தாத்தா இரண்டாம் உலகப்போரில் பர்மா போய்த் திரும்பினார், கையில் ஒரு மெடல்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த மெடலே போதும், அதிலிருந்து தொடங்குங்கள். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்த மெடல்களின் விளிம்பில் (நட்சத்திர வடிவ மெடல் என்றால் பின்பக்கத்தில்) பல நேரம் சர்வீஸ் நம்பர், பெயர், படைப்பிரிவின் சுருக்கம் பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பிரிவு தெரிந்தால்தான் பதிவு கேட்டு எங்கே எழுதுவது என்று தெரியும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு. நீங்கள் பேரன் என்பதற்கான சான்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1956 நவம்பர் 1 வரை நம் ஊர் முதலில் திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதனால் பழைய தாள்களில் கன்னியாகுமரி மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. கல்குளம் தாலுகா, திருவனந்தபுரம் என்று தேடுங்கள். தாத்தாவின் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர், அப்பா பெயர் எதுவும் வந்திருக்கலாம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் நேரம் செலவழிக்க வேண்டாம், அது இறந்தவர்களுக்கானது. பாட்டி பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தப் புத்தகத்தையும் தேடுங்கள். நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். விளிம்பு எழுத்தைப் படமெடுத்துப் போட்டால் சேர்ந்து படிக்கலாம்.