அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் உங்களை மிகவும் கவர்ந்த சீசன் எது?

2007-இல் அப்பலாச்சியன் ஸ்டேட் ஆடிய சீசன்.

வட கரோலினா மலைப்பகுதியில் பூன் என்ற சின்ன ஊரில் இருக்கும் பல்கலைக்கழகம் அது. அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் போன்ற பெரிய பெயர்கள் ஆடும் பிரிவுக்கு ஒரு படி கீழே, எஃப்.சி.எஸ். பிரிவில் அப்போது ஆடிக்கொண்டிருந்தது. அன்று மேல் பிரிவு அணிக்கு 85 ஸ்காலர்ஷிப் என்றால் இவர்களுக்கு 63தான்.

அந்த ஆண்டு செப்டம்பர் 1 பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரவரிசையில் 5-ஆம் இடத்தில் இருந்த மிச்சிகனை அதன் சொந்த மைதானத்தில், லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த கூட்டத்தின் முன்னால், 34-32 என்று வீழ்த்தினார்கள். பெரிய கல்லூரிகள் சீசன் தொடக்கத்தில் சின்ன அணிகளைப் பணம் கொடுத்து வரவழைத்து, சுலபமாக ஒரு வெற்றியைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது வழக்கம். இந்த ஆட்டத்துக்கு அப்படிப் பேசிய தொகை 4 லட்சம் டாலர். கடைசி ஆறு நொடியில் மிச்சிகன் 37 யார்டு ஃபீல்ட் கோல் அடிக்க வந்தது, அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கப் பார்த்தது. அப்பலாச்சியன் வீரர் கோரி லிஞ்ச் குறுக்கே பாய்ந்து பந்தைத் தடுத்தார், தடுத்த பந்தை அவரே எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினார். அங்கே பூனில், ஆட்டமே நடக்காத தங்கள் ஸ்டேடியத்துக்குள் மாணவர்கள் புகுந்து கோல் கம்பத்தைப் பிடுங்கி, பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கட்டிப்போட்டது இதற்கு அப்புறம் நடந்தவை.

ஏனென்றால் அந்த வெற்றி அவர்களுக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. அதே மாதம் வாஃபோர்டிடம் தோற்றார்கள். அக்டோபரில் சொந்த ஊரிலேயே ஜார்ஜியா சதர்னிடம் 38-35. இரண்டு தோல்வியோடு, 16 அணிகள் கொண்ட நாக் அவுட்டுக்குள் வந்தார்கள். முதல் சுற்றிலேயே ஜேம்ஸ் மேடிசன் அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டியது. 28-27 என்று அப்பலாச்சியன் ஒரே புள்ளியில் முன்னால் இருக்க, மேடிசன் பந்தைக் கோலுக்குப் பக்கம்வரை கொண்டுவந்துவிட்டது. ஒரு ஃபீல்ட் கோல் போதும். கடைசி நிமிடத்துக்குள் பந்து கைநழுவியது, அப்பலாச்சியன் அதைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஆண்டு ப்ளேஆஃபில் யாருக்குமே பாதுகாப்பு இல்லை. அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மெக்னீஸ் ஸ்டேட், முதல் சுற்றில் ஈஸ்டர்ன் வாஷிங்டனிடம் 44-15 என்று நொறுங்கியது. அதேபோல் தோல்வியே காணாமல் வந்த நார்தர்ன் ஐயோவா, காலிறுதியில் டெலவேரிடம் வீழ்ந்தது. அந்த டெலவேர் முதல் சுற்றில் சந்தித்தது டெலவேர் ஸ்டேட்டை. அத்தனை சிறிய மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்கள், அதில் ஒன்று கறுப்பின மாணவர்களுக்காக உருவானது. அதுவரை இரண்டும் ஒருமுறைகூட மோதியதில்லை! நாக் அவுட் அட்டவணை வந்துதான் அவர்களை ஒரே மைதானத்தில் நிறுத்தியது.

அரையிறுதியில் ரிச்மண்டுக்கு எதிராக குவாட்டர்பேக் அர்மான்டி எட்வர்ட்ஸ் ஓடியே 313 யார்டு எடுத்தார். பந்தை எறிவதுதான் முதல் வேலையாக இருக்கும் ஒருவர், தன் கால்களால் அத்தனை தூரம்! ஆட்டம் 55-35. சாட்டனூகாவில் நடந்த இறுதிப் போட்டியில் டெலவேரை 49-21 என்று வென்று தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கோப்பையை எடுத்தார்கள். அந்தப் பிரிவில் அதற்கு முன் யாரும் செய்யாதது. எதிரணியின் குவாட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ, பிற்பாடு தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்றவர்.

அதே ஆண்டு மேல் பிரிவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கேயும் சாம்பியன் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) இரண்டு ஆட்டம் தோற்ற அணிதான். ஆனால் வாக்கெடுப்பும் கணினிக் கணக்கும் சேர்ந்து அதை நேரே இறுதிப் போட்டிக்கு அனுப்பின. எல்.எஸ்.யு. வீரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் முறைப்படி ஜெயித்தார்கள். ஆனால் அதே இரண்டு தோல்வியோடு வந்த அப்பலாச்சியன் நான்கு நாக் அவுட் ஆட்டங்களை வென்றாக வேண்டியிருந்தது. என் கண்ணுக்கு அதுதான் உண்மையான சாம்பியன்ஷிப். மேல் பிரிவில் நான்கு அணி ப்ளேஆஃப் வருவதற்கே 2014 சீசன் ஆகிவிட்டது.

பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பதானால் மிச்சிகன் ஆட்டத்தோடு நிறுத்தாதீர்கள். ரிச்மண்ட் அரையிறுதியையும் பாருங்கள், எட்வர்ட்ஸ் யார் என்று அதில் இன்னும் தெளிவாகத் தெரியும்.